அவனுக்குப் பதக்கம், அவளுக்கு நகை

பதக்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கழுத்துச் சங்கிலியின் நடுவே தொங்கும் கல் பதித்த அணி ஒன்று. போரிலோ போட்டியிலோ வென்றவரின் மார்பில் குத்தப்படும் உலோகத் துண்டு மற்றொன்று. முதல் பொருள் பழையது. இரண்டாவது, நவீன அரசும் அதன் படையும் வந்தபிறகு ஒட்டிக்கொண்டது. படைவீரனின் கௌரவத்துக்குப் பெயர் தேடியபோது நம் மொழி நகைப்பெட்டியைத்தான் திறந்தது. இந்தக் கட்டுரை அதற்கு எதிர்த்திசையில் நடந்த பயணத்தைப் பற்றியது. ஆணின் மார்பிலிருந்து கழன்ற போர்ப் பதக்கம் பெண்ணின் நகையாக மாறிய கதை அது. அதை அழகான கதை என்று சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

பிரிட்டனில் விக்டோரியா காலம் தொடங்கி இரண்டாம் உலகப் போர்வரை பதக்கத்தை நகையாக்கும் வழக்கம் இருந்தது. செய்முறை எளிது. ரிப்பன் கோக்கும் மேற்பகுதியை நகைத்தொழிலாளி வெட்டி எடுப்பார். பின்புறத்தில் ஓர் ஊசியையும் கொக்கியையும் பொடிவைத்து ஊதி ஒட்டுவார். பதக்கம் புரோச் ஆகிவிடும். கழுத்துக்கு வேண்டுமென்றால் ஊசிக்குப் பதிலாக ஒரு வளையம். பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் வீரனின் பெயரும் எண்ணும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்த நகையை அணிந்தவள் எவளானாலும் அதில் இருப்பது அவன் பெயர். அவள் பெயருக்கு அதில் இடமில்லை.

இன்று அந்த நகைகளுக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால் பழம்பதக்கங்களை விற்பவர்களின் பட்டியல்களைப் பார்க்கலாம். ‘புரோச்சாக மாற்றப்பட்டது’, ‘முன்பு புரோச் ஊசி இருந்த தடம் உள்ளது’ என்ற குறிப்புகள் அங்கே பழுதுகளின் வரிசையில் வரும். அந்தக் குறிப்பு இருந்தால் விலை இறங்கும். ஆணின் மார்பில் முழுமையாக இருந்த ஒன்று பெண்ணின் மார்புக்கு வந்ததும் கெட்டுப்போனதாகிவிடுகிறது. ஒருத்தி பல்லாண்டுகள் அதை அணிந்திருந்தாள், அதனோடு வாழ்ந்தாள் என்பது சேகரிப்பாளரின் கணக்கில் வரலாறு அல்ல, சேதம்.

உண்மையான பதக்கம் கைக்கு வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சந்தை வேறொரு வழி செய்துகொடுத்தது. படைப்பிரிவின் சின்னத்தைச் சிறிதாக்கித் தங்கத்திலும் வெள்ளியிலும் கிளிஞ்சலிலும் எனாமலிலும் செய்து விற்றார்கள். ‘ஸ்வீட்ஹார்ட் புரோச்’ என்று பெயர். முதல் உலகப் போர்க்காலத்தில் மனைவியரும் காதலியரும் தாய்மாரும் சகோதரிகளும் அதைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அதே தெருவில் இன்னொரு காட்சியும் நடந்தது. 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டோன் நகரில் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கடற்படைத் தளபதி பெண்களைத் திரட்டி, சீருடை அணியாத ஆண்களுக்கு வெள்ளை இறகு கொடுக்கச் சொன்னார். வெள்ளை இறகு என்றால் கோழை என்று பொருள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருத்தியின் மார்பில் புரோச், இன்னொருத்தியின் கையில் இறகு. என் வீட்டு ஆண் போய்விட்டான் என்று புரோச் சொல்லும். நீ ஏன் இன்னும் போகவில்லை என்று இறகு கேட்கும். வாக்குரிமை இல்லாத, போரை அறிவிப்பதிலும் நிறுத்துவதிலும் குரல் இல்லாத பெண்களின் உடலை, ஆள்சேர்ப்புச் சுவரொட்டி ஒட்டும் சுவராக ஆக்கிக்கொண்டார்கள்.

நமக்கு இது புதிதா? சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் கொற்றவைக் கோலம் கொள்ளும் குமரிக்குப் புலிப்பல் தாலி பூட்டுகிறார்கள். புலியைக் கொன்றவன் வேட்டுவன், அதன் பல்லைச் சுமப்பவள் குமரி. வெற்றி அவனுடையதாகவும் அதைக் காட்டும் கழுத்து அவளுடையதாகவும் இருக்கும் ஏற்பாடு எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல.

இதுவரை சொன்னது ஆணின் வீரம் பெண்ணுக்கு நகையானதைப் பற்றி. பெண்ணே போர்க்களத்தில் உழைத்தபோது என்ன கொடுத்தார்கள்? அப்போதும் நகைதான்.

கிரீமியப் போரில் படைவீரர்களுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. ஸ்குடாரி மருத்துவமனையில் அந்த வீரர்களைப் பேணிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கு விக்டோரியா ராணி அனுப்பியது ஒரு புரோச். ராணியின் கணவர் ஆல்பர்ட் வரைந்த வடிவம், சிவப்பு எனாமல் சிலுவை, மேலே வைரம் பதித்த கிரீடம். ‘நைட்டிங்கேல் ஜூவல்’ என்று பெயர். ஜூவல் என்றால் நகை, பெயரிலேயே இருக்கிறது. அதில் பொறித்த விவிலிய வாசகம் இரக்கமுள்ளவர்களைப் புகழ்ந்தது. மருத்துவமனை நிர்வாகத்தைத் தலைகீழாகப் புரட்டிய, சாவுக்கணக்கைப் புள்ளிவிவர வரைபடமாக்கி அரசின் முகத்துக்கு நேரே நீட்டிய ஒரு மூளைக்குக் கிடைத்த பெயர் இரக்கம். ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்ற உயர்விருது அவருக்கு வந்தது 1907இல். அப்போது அவருக்கு வயது 87. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அடுத்தது நம் துணைக்கண்டத்திலேயே நடந்தது. 1869இல் பெஷாவரில் 104ஆம் வங்காள ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் காலரா பரவியது. படைத்தலைவரின் மனைவி எலிசபெத் வெப்பர் ஹாரிஸ் நோயுற்ற வீரர்களோடு தங்கிப் பணிவிடை செய்தார். பிழைத்த அதிகாரிகள் அவருக்கு விக்டோரியா கிராஸ் தரவேண்டும் என்று விரும்பினார்கள். பெண்ணுக்கு அது கிடையாது. ஆகவே ராணியின் அனுமதி பெற்று, விக்டோரியா கிராஸைப் போலவே தங்கத்தில் ஒன்று செய்து கொடுத்தார்கள்.

உண்மையான விக்டோரியா கிராஸ் வெண்கலம். கடையில் போட்டால் உலோகத்துக்கு ஒன்றும் தேறாது. ஆனால் அது ஒருவனின் பெயரை அரசிதழில் ஏற்றும், ஓய்வூதியம் தரும், படையின் வரலாற்றில் நிறுத்தும். ஹாரிஸுக்குக் கிடைத்தது சொக்கத்தங்கமாகவே இருந்தாலும் அதற்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. தங்கம் வெண்கலத்தைவிட மலிவாகிப்போகும் இடம் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது பெண்ணின் கழுத்துதான். 1920இல் விதிகளைத் திருத்திப் பெண்களும் விக்டோரியா கிராஸ் பெறலாம் என்றார்கள். இன்றுவரை ஒரு பெண்ணுக்கும் அது வழங்கப்படவில்லை.

பெண் முறைப்படி பதக்கம் பெற்றால்கூட அதை அணியும் விதத்தில் ஒரு திருத்தம் உண்டு. பிரிட்டிஷ் மரபில் சீருடையில் இல்லாத பெண், தனக்குத் தரப்பட்ட பதக்கத்தை நேரான ரிப்பனில் அணிவதில்லை. சிறுமியின் சடையில் கட்டுவதுபோல் ரிப்பனைப் பூவாக முடிந்து, அதிலிருந்து தொங்கவிட்டு அணிய வேண்டும். சாதனை அவளுடையதுதான், உலோகமும் அதே உலோகம்தான். ஆனாலும் அது நகையாகத் தெரியவேண்டும். ஒரு முடிச்சில் முடித்துவிட்டார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். பரம்வீர் சக்ராவை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, இந்த நாட்டின் புராணங்களையும் கலையையும் ஆழ்ந்து கற்றவர். விருத்திராசுரனைக் கொல்ல ததீசி முனிவர் தம் முதுகெலும்பைக் கொடுத்த கதையிலிருந்து வஜ்ராயுதத்தை எடுத்து அந்தப் பதக்கத்தில் வைத்தார். ஓர் உடல் ஆயுதமாகும் கதை. அவர் வரைந்த அந்த வெண்கலத்தைப் பெற்றவர்கள் இதுவரை 21 பேர். அனைவரும் ஆண்கள். பெண் வரையலாம், பெண் துடைத்து வைக்கலாம், இறந்தவனுக்காகப் பெண் மேடையேறி வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடைசி இடத்தில்தான் பெண்ணின் முகத்தைப் படமெடுக்க நாட்டுக்குப் பிடிக்கிறது.

துயரத்தையும் அரசுகள் இப்படித்தான் நகையாக்கின. 1919 டிசம்பரில் கனடா நினைவுச் சிலுவை என்ற ஒன்றை ஏற்படுத்தியது. போரில் மகனை இழந்த தாய்க்கும் கணவனை இழந்த மனைவிக்கும் ஊதா ரிப்பனில் தொங்கும் வெள்ளிச் சிலுவை. வின்னிபெக் நகரத்து சார்லட் வுட் அந்தப் போரில் ஐந்து மகன்களை இழந்தவர். 1936இல் பிரான்சின் விமியில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது அவரை வெள்ளிச் சிலுவைத் தாய்மாரின் முகமாக அழைத்துச் சென்றார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அடுத்த உலகப் போர். அந்தச் சிலுவையை வழங்கிய எந்த அரசும், இனி மகன்களைக் கேட்கமாட்டோம் என்று அதனோடு எழுதித் தரவில்லை.

ஜெர்மனி இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1938 டிசம்பரில் ஹிட்லர் அரசு தாய்மாருக்கான கௌரவச் சிலுவையை அறிவித்தது. நான்கு குழந்தை பெற்றால் வெண்கலம், ஆறு பெற்றால் வெள்ளி, எட்டு பெற்றால் தங்கம். ‘ஆரிய’த் தாய்க்கு மட்டும். நீல ரிப்பனில் கழுத்தில் அணியவேண்டும். மகன் செத்தபிறகு தாய்க்கு நகை தருவது ஒரு வகை. சாவதற்கு மகனைப் பெறுவதற்கே நகை தருவது இன்னொரு வகை. இரண்டிலும் பெண்ணின் கழுத்து அரசின் கணக்குப் புத்தகம்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வரவேண்டும். புறநானூறு கைம்பெண்களைக் கழிகல மகளிர் என்கிறது. அணிகலன்களைக் கழித்த பெண்கள். நாம் கணவன் இறந்ததும் பெண்ணின் நகையைக் கழற்றினோம், அவர்கள் ஒரு நகையைப் பூட்டினார்கள். மேம்போக்காகப் பார்த்தால் அவர்களுடையது நாகரிகமாகத் தெரியும். இரண்டும் ஒன்றுதான். ஆண் எங்கோ செத்துப்போனதை ஊரார் படிப்பதற்காக அவள் உடம்பில் எழுதுகிறார்கள். ஒருவர் அழித்து எழுதுகிறார், மற்றவர் பொறித்து எழுதுகிறார்.

பூட்டியவர்கள் கழற்றவும் தயங்கியதில்லை. 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போருக்காகப் பிரஷ்யாவில் பெண்களிடம் தங்க நகைகளைக் கேட்டு வாங்கினார்கள். பதிலுக்கு இரும்பு மோதிரமும் இரும்பு புரோச்சும் கொடுத்தார்கள். இரும்புக்காகத் தங்கம் கொடுத்தேன் என்று அவற்றில் பொறித்திருந்தார்கள். அதே ஆண்டில்தான் பிரஷ்ய மன்னர் ஆண்களுக்கு இரும்புச் சிலுவைப் பதக்கத்தை ஏற்படுத்தினார். ஒரே இரும்பு. அவனுக்கு அது செய்ததற்கான சான்று, அவளுக்கு அது கொடுத்ததற்கான ரசீது. 1935 டிசம்பர் 18 அன்று முசோலினி எத்தியோப்பியா மீதான போருக்காக இத்தாலியப் பெண்களிடம் திருமண மோதிரத்தையே கேட்டார். ராணி எலெனா முதலில் கழற்றிக் கொடுத்தார். பெண்கள் வரிசையில் நின்று கொடுத்து இரும்பு வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு போனார்கள். அந்தத் தங்கம் என்ன ஆயிற்று என்று எத்தியோப்பியாவின் தாய்மாரிடம்தான் கேட்கவேண்டும்.

இந்த உலோகங்களுக்குப் பின்னால் இருக்கும் பணத்தைப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. பிரிட்டனில் புரோச் விற்பனை களைகட்டிய அதே 1914இன் இறுதியில், படைவீரர் மனைவியரின் உதவித்தொகையைப் பெறத் ‘தகுதியற்றவர்’ யார் என்று கண்காணிக்கும் பொறுப்பைக் காவல்துறையிடம் கொடுத்தார்கள். குடித்தாள், வேறொருவனோடு பழகினாள் என்றால் பணம் நிற்கும். மார்பில் அவன் சின்னம், வாசலில் போலீஸ்காரர். பிரிட்டனில் மறுமணம் செய்த போர் விதவைகள் பலர் ஓய்வூதியத்தை இழக்கும் நிலை 2015 ஏப்ரல் வரை நீடித்தது.

இந்தியாவில் வீர விருது பெற்றவர் இறந்தால், விருதுக்கான மாதத் தொகை மனைவிக்கு வரும். ஆனால் அவள் மறுமணம் செய்துகொண்டால் அது நிற்கும். ஒரு விதிவிலக்கு இருந்தது. இறந்தவரின் சகோதரனையே மணந்துகொண்டால் தொகை தொடரும். இது மனுதர்ம காலத்துச் செய்தி அல்ல. பாதுகாப்பு அமைச்சகம் இந்த நிபந்தனையை நீக்கியது 2017 நவம்பரில். அதுவரை அந்த வெண்கலத்தோடும் வெள்ளியோடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாலியும் கோக்கப்பட்டிருந்தது. குடும்பத்துக்குள்ளேயே கட்டிக்கொள், இல்லையென்றால் வீரனின் மனைவி என்ற பெயரைக் கீழே வை என்று சொன்னது அரசு. பதக்கம் பெண்ணுக்கு நகையாவது உருவகம் என்று நினைப்பவர்கள் இந்த ஆணையைப் படிக்கட்டும்.

முதுகலை வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “அவர் ஞாபகமா அவங்க போட்டுக்கிட்டா என்னம்மா தப்பு?”

தப்பே இல்லை. கடைசி வரிசையில் இருந்து வந்த அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பிணமும் வீடு திரும்பாத போர்கள் அவை. முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை. தொட்டு அழ ஒரு கல்லறைகூடப் பக்கத்தில் இல்லாதவள், தபாலில் வந்த ஒரு வெள்ளி வில்லையை நெஞ்சோடு குத்திக்கொண்டாள் என்றால் அவளைக் கேள்வி கேட்க நான் யார்? என் சண்டை அவளோடு அல்ல. அந்த வில்லையைக் கொடுத்துவிட்டு, கொடுக்கவேண்டியது அவ்வளவுதான் என்று கைகழுவிய அரசோடு. அவள் துயரத்தைக் காதல் கதையாக்கி இன்றும் பரிசுப்பெட்டியில் வைத்து விற்கும் சந்தையோடு.

அவளுக்கு அதை அணியும் உரிமை இருப்பதுபோலவே உருக்கும் உரிமையும் உண்டு. முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சுமார் 65 லட்சம் பேருக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படையினர் சுமார் 1,10,000 பேருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். அகழி தோண்டியவனுக்கும் மூட்டை சுமந்தவனுக்கும் வெள்ளி எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். அவன் வீட்டுப் பெண்ணுக்கு உருக்கி ஒரு வளையல் செய்துகொள்ளக்கூட உலோகம் மிஞ்சவில்லை. 1980இன் தொடக்கத்தில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது வெள்ளிப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. சேகரிப்பாளர்கள் இன்றும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். நான் புலம்பமாட்டேன். பதக்கத்தை அடகுக்கடையில் வைத்து அரிசி வாங்கியவள் எவளோ, அவள்தான் அந்த உலோகத்துக்கு முதல்முறையாகச் சரியான மதிப்பைப் போட்டவள்.

பெண்கள் தாங்களே பதக்கம் செய்துகொண்ட கதை ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நமக்கு இரண்டே வழிகள்தான் இருப்பதுபோல் தோன்றிவிடும். 1909இல் பிரிட்டனின் வாக்குரிமைப் போராளிகள் ஹாலோவே சிறைக்குச் சென்றவர்களுக்கு ஒரு வெள்ளி புரோச் வழங்கினார்கள். நாடாளுமன்றத்தின் சின்னமான இரும்புக் கதவு வடிவம், அதன்மேல் கைதியின் உடையில் குத்தப்படும் அம்புக்குறி. வரைந்தவர் சில்வியா பேங்கர்ஸ்ட். சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குத் தனிப் பதக்கம். அதில் ‘வீரத்துக்காக’ என்று பொறித்தார்கள். விக்டோரியா கிராஸில் இருக்கும் அதே சொற்கள். பெண்ணுக்குக் கிடையாது என்றதை அவர்கள் கேட்டு நிற்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பதக்கத்தில் இருந்தது அணிந்தவளின் சொந்தப் பெயர்.

1914இல் போர் வந்ததும் அந்த இயக்கத்தின் தலைவி எம்மலின் பேங்கர்ஸ்ட் அரசின் பக்கம் சேர்ந்து ஆள்சேர்ப்புக்குப் பேசினார். அவர் மகள் சில்வியா போரை எதிர்த்தார். கிழக்கு லண்டனின் ஏழைத் தெருக்களில், வராமல் இழுத்தடிக்கப்பட்ட உதவித்தொகைக்காகப் படைவீரர்களின் மனைவிகளோடு நின்றார். மலிவு விலை உணவகம் நடத்தினார். மனைவியரின் ஒழுக்கத்தைப் போலீஸ் கண்காணிப்பதை எதிர்த்தார். புரோச் வரையத் தெரிந்த கைதான் அது. பெண்ணுக்குத் தேவைப்படும் இடத்தில் புரோச் போதாது என்பதும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

பாடம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நகையை யார் வரைந்தார்கள், யார் பெயர் அதில் இருக்கிறது, எதற்குப் பதிலாக அதைக் கொடுத்தார்கள் என்று கேட்கப் பழகவேண்டும். போரில் உறவை இழந்த பெண்ணுக்குச் சேரவேண்டியது நிபந்தனையில்லாத ஓய்வூதியம், யாரை வேண்டுமானாலும் மணக்கும் அல்லது மணக்காமலிருக்கும் உரிமை, அடுத்த போர் வேண்டுமா என்று முடிவெடுக்கும் அவையில் ஓர் இருக்கை. இவற்றையெல்லாம் கொடுத்த பிறகு பதக்கமும் கொடுக்கட்டும். அதை மார்பில் குத்துவதா, பெட்டியில் பூட்டுவதா, தட்டானிடம் கொடுத்து மகளுக்குக் கொலுசாக்குவதா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.